மார்க் ட்வைன் தன்வரலாறு

மார்க் ட்வைன் தன்வரலாறு, அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் தன் வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளில் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த நினைவுக்குறிப்பு நூல். தான் இறந்த பிறகே இது முழுமையாக அச்சாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் மறைந்து 100 ஆண்டுகள் ஆன 2010இல் முதல் தொகுதியும், 2013இல் இரண்டாம் தொகுதியும், 2015இல் மூன்றாம் தொகுதியும் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகத்தால் வெளியிடப்பட்டன. ஒருவர் செத்த பிறகு பேசினால் உண்மையை முழுதாகச் சொல்லிவிட முடியுமா என்ற கேள்விக்கு இந்நூல் ஒரு சோதனைக்களம்.

ஆசிரியர்

மார்க் ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ். 1835 நவம்பர் 30 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃபுளோரிடா என்ற சிற்றூரில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்ற ஊரில் வளர்ந்தார். அச்சுக்கோப்பவர், ஆற்று நீராவிக்கப்பலின் மாலுமி, செய்தியாளர் எனப் பல வேலைகள் பார்த்தபின் எழுத்தாளர் ஆனார். ‘டாம் சாயர்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’ ஆகிய நாவல்கள் அவருக்கு உலகப்புகழ் தந்தன. மேடையில் பேசிச் சிரிக்கவைப்பதிலும் அவர் கைதேர்ந்தவர்.

தமிழ் நிலத்தோடும் அவருக்குச் சிறு தொடர்பு உண்டு. அச்சு எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றிலும் சொந்தப் பதிப்பகத்திலும் பணத்தைப் போட்டு 1894இல் திவாலானார். கடனை அடைக்க 1895–96இல் உலகம் சுற்றி மேடைப்பேச்சு நிகழ்த்தினார். 1896 சனவரியில் கொழும்பு வழியாக பம்பாய் வந்து, வட இந்தியா முழுதும் சுற்றி, மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். வழியில் சென்னையில் ஒரு நாள் கப்பல் நின்றது. பிறகு மீண்டும் இலங்கை போய், மொரிசியசுக்குச் சென்றார். கடன்களை 1898இல் தீர்த்து முடித்தார். 1910 ஏப்ரல் 21 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ரெட்டிங் என்ற ஊரில் மறைந்தார்.

உருவான விதம்

தன்வரலாறு எழுதும் முயற்சியை ட்வைன் 1870 முதலே தொடங்கித் தொடங்கி விட்டார். பிறப்பு, பள்ளி, வேலை என்று வரிசையாக எழுத உட்கார்ந்தால் அவருக்கு அலுத்துப்போனது. கடைசியில் எழுதுவதையே விட்டுவிட்டுப் பேசுவது என்று முடிவெடுத்தார். 1906 சனவரி 9 முதல் நியூயார்க் வீட்டில் சுருக்கெழுத்தாளர் ஜோசபின் ஹாபி குறிப்பெடுக்க, வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் பிகலோ பெயின் எதிரே அமர்ந்து கேட்க, நாள்தோறும் காலையில் பேசினார். 1909 வரை இவ்வாறு 250க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. மொத்தச் சொற்கள் ஏறத்தாழ 5 லட்சம்.

அவர் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது. அன்றைக்கு மனத்தில் எது ஓடுகிறதோ அதிலிருந்து தொடங்குவது. அதில் சுவை குறைந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவுவது. காலையில் செய்தித்தாளில் படித்த ஒரு செய்தி 50 ஆண்டுக்கு முந்தைய நினைவை இழுத்துவரும். அந்த நினைவு ஒரு பழைய கடிதத்தைத் தேடவைக்கும்.

இந்த முறை தமிழ் வாசகருக்கு, குறிப்பாகத் தெற்கத்திக் கரிசல்காட்டு வாசகருக்கு, அந்நியமானதன்று. விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி நிலம். மழை இல்லாத மாதங்களில் கண்மாய்க்கரையிலும் டீக்கடைப் பெஞ்சிலும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் பெரியவர்கள் கதையை வரிசையாகச் சொல்வதில்லை. ‘அது கிடக்கட்டும், இதைக் கேளு’ என்று ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போவார்கள். சுற்றிச் சுற்றிவந்து, கேட்பவர் மறந்துபோன நேரத்தில், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பார்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தப் பேச்சுமுறையைத்தான் உரைநடையாக்கினார். ட்வைனின் நூலையும் அவ்வாறு ஒரு பெரியவரின் பேச்சாகக் கேட்டால் அதன் தாவல்கள் குழப்பமாகத் தோன்றா.

பதிப்பு வரலாறு

இந்நூல் 100 ஆண்டுகள் பூட்டிய பெட்டியில் கிடந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. ட்வைனே தன் வாழ்நாளில், கடுமையான பகுதிகளை நீக்கிவிட்டு, 1906 செப்டம்பர் முதல் 1907 டிசம்பர் வரை ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில் 25 பகுதிகளை வெளியிட்டார்.

அவர் மறைந்தபின் மூன்று பதிப்பாசிரியர்கள் தத்தம் விருப்பப்படி நூலை வெட்டி ஒட்டினர். 1924இல் ஆல்பர்ட் பிகலோ பெயின் இரண்டு தொகுதிகளாகச் சில பகுதிகளை வெளியிட்டார். 1940இல் பெர்னார்ட் டிவோட்டோ, பெயின் விட்டுவைத்த பகுதிகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்தார். 1959இல் சார்ல்ஸ் நைடர், பிறப்பு முதல் முதுமைவரை கால வரிசைப்படி அடுக்கினார். எந்த வரிசை வேண்டாம் என்று ட்வைன் தூக்கி எறிந்தாரோ, அதே வரிசையில் பல தலைமுறை வாசகர்கள் அவரைப் படித்தனர்.

1906 சூனில் கிறித்தவ சமயத்தையும் கடவுள் கருத்தையும் கடுமையாக விமர்சித்து அவர் பேசிய பகுதிகள் இன்னும் தாமதமாயின. அவற்றை 2406ஆம் ஆண்டுப் பதிப்புவரை எவர் கண்ணிலும் படவிடக்கூடாது என்று ட்வைன் குறித்து வைத்தார். அவருடைய மகள் கிளாரா 1959 பதிப்பிலும் அவற்றைச் சேர்க்க ஒப்பவில்லை. கிளாரா 1962இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவை ஓர் இலக்கிய இதழில் அச்சாயின.

2010 பதிப்பின் சிறப்பு, ட்வைன் பேசிய வரிசையிலேயே, எதையும் நீக்காமல் முழுமையாக வெளியிட்டது. பெர்க்கிலியில் உள்ள பாங்கிராஃப்ட் நூலகத்தின் மார்க் ட்வைன் ஆவணத் தொகுப்பில் பணியாற்றிய ஹாரியட் எலினோர் ஸ்மித் தலைமையிலான குழு முதல் தொகுதியைப் பதிப்பித்தது. 7,500 படிகள் போதும் என்று பதிப்பகம் முதலில் திட்டமிட்டது. சில வாரங்களில் லட்சக்கணக்கில் அச்சிட நேர்ந்தது.

கல்லறையிலிருந்து பேசுதல்

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். துக்கவீட்டில் எதிரியும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். ட்வைன் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். செத்தவர் எழுந்து உயிரோடு இருப்பவர்களைக் குறை சொல்லும் ஏற்பாடு இது.

அதற்கு அவர் முன்னுரையில் சொல்லும் காரணம்: தன் பேச்சு காதில் விழும்போது தான் இருக்கமாட்டேன் என்பது தெரிந்தால்தான் மனிதனுக்கு நாக்கு அவிழும். காதல் கடிதம் எழுதுபவன் வேறு யாரும் அதைப் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மனத்தைத் திறக்கிறான். அதுபோன்றதே இதுவும் என்கிறார். உயிரோடு இருப்பவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் புண்படுத்தக் கூடாது என்பது இன்னொரு காரணம். நூறாண்டு கடந்தால் புண்பட யாரும் மிஞ்சமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

ஆனால் 1904லேயே, நண்பரும் நாவலாசிரியருமான வில்லியம் டீன் ஹவெல்சுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வேறொன்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். தன்வரலாறு எழுதுபவன் உண்மையை மறைப்பான், நழுவுவான், பாதி சொல்வான். ஆனாலும் அவனையும் மீறி உண்மை வரிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அதன் சாரம். இந்நூலை வாசிப்பதற்கு முன்னுரையைவிடக் கடிதமே நல்ல வழிகாட்டி.

பிறரைப் பற்றிய பேச்சு

பிறரைப் பற்றிப் பேசும்போது ட்வைனுக்குத் தயக்கமே இல்லை. தன்னைத் திவாலாக்கிய இயந்திரத்தின் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் பெய்ஜ், ஃபுளோரன்சில் வீடு வாடகைக்கு விட்ட சீமாட்டி, ஒருகாலத்து நண்பர் பிரெட் ஹார்ட், அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் என யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இத்திட்டுகளில் சில சிரிப்பை வரவழைக்கின்றன. சில, பழைய கடன்சீட்டை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பவரின் புலம்பலாக நீளுகின்றன.

அவருடைய சினம் தன் சொந்தக் கணக்கைத் தாண்டிச் செல்லும் இடங்களில் நூல் உயர்கிறது. 1906 மார்ச்சில் பிலிப்பைன்சின் ஹோலோ தீவில், அணைந்த எரிமலையின் வாய்க்குள் அடைக்கலம் புகுந்திருந்த மோரோ மக்களை அமெரிக்கப்படை பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றது. படைத்தலைவரைக் குடியரசுத் தலைவர் தந்தி அனுப்பிப் பாராட்டினார். மார்ச் 12, 14 நாள்களின் பேச்சில் ட்வைன் அந்தத் தந்தியையும் செய்தித்தாள் தலைப்புகளையும் வரிவரியாக எடுத்துவைத்து, கொல்லப்பட்டோர் தொகை 600 என்ற கணக்கைப் படையினரின் சிறு இழப்போடு ஒப்பிட்டு, இதில் வீரம் எங்கே என்று கேட்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாத உண்மைக்கு எவ்வளவு பயன் என்ற கேள்வி இங்கே எழுகிறது. அந்த மலையில் இறந்தவர்களுக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

தன்னைப் பற்றிய பேச்சு

தன்னைப் பற்றிப் பேசும்போது ட்வைனின் குரல் தாழ்கிறது, பேச்சும் சுருங்குகிறது. மூன்று இடங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மகன் லாங்டனின் இறப்பு. 1870 நவம்பரில் பிறந்த அக்குழந்தை 1872 சூனில் இறந்தது. குளிர்நாள் ஒன்றில் ட்வைன் குழந்தையைத் திறந்த வண்டியில் காற்று வாங்க அழைத்துச் சென்றார். ஏதோ யோசனையில் ஆழ்ந்து, போர்த்தியிருந்த கம்பளி நழுவியதைக் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் பார்த்துச் சொன்னபோது குழந்தை விறைத்துப்போயிருந்தது. அதனால்தான் பிள்ளை செத்தான் என்று அவர் 34 ஆண்டுகள் மனத்துக்குள் வைத்திருந்து, 1906இல் சொல்கிறார். இதற்கு முன் யாரிடமும் தான் ஒப்புக்கொண்டதாக நினைவில்லை என்கிறார். குழந்தை இறந்தது தொண்டை அடைப்பான் நோயால். குளிரில் நனைந்ததால் வரும் நோயன்று அது. ஆனால் அந்தத் தகப்பனுக்கு மருத்துவ விளக்கம் ஆறுதல் தரவில்லை. இந்நூலின் மிகச் சிறிய பகுதிகளில் ஒன்றான இதில் ஒரு நகைச்சுவையும் இல்லை.

இரண்டாவது, அடிமைமுறை. சிறுவயதில் தான் அடிமைமுறையைத் தவறென்றே எண்ணியதில்லை என்று ட்வைன் ஒளிக்காமல் சொல்கிறார். பள்ளியிலும் கோயிலிலும் யாரும் அதைக் குறைகூறிக் கேட்டதில்லை. வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட சாண்டி என்ற கறுப்பினச் சிறுவன் நாள் முழுதும் பாடிக் கூச்சல் போட்டபோது, அதை நிறுத்தச் சொல்லும்படி தாயிடம் முறையிட்டார். குடும்பத்தைப் பிரித்து விற்கப்பட்ட பிள்ளை அது. பாடும்போது அம்மாவை மறந்திருக்கிறான், பாடாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும் என்று தாய் கண்ணீரோடு சொன்னார். பின்னாளில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ எழுதிய கைக்கு எங்கிருந்து ஈரம் வந்தது என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி காட்டுகிறது.

மூன்றாவது, மகள்களின் இறப்பு. மூத்த மகள் சூசி 13 வயதில் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினாள். அதன் பகுதிகளை எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல் ட்வைன் தன் பேச்சில் சேர்க்கிறார். மகள் ஒரு வரி எழுத, தந்தை அதற்கு உரை சொல்வதுபோல் பல பக்கங்கள் செல்கின்றன. உலகச் சுற்றுப்பயணம் முடிந்து அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, 1896 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்காவில் சூசி மூளையுறை அழற்சியால் இறந்தாள். செய்தி தந்தியில் வந்தது. 1904இல் மனைவி ஒலிவியா மறைந்தார். 1909 டிசம்பர் 24 காலை, வலிப்பு நோய் இருந்த இளைய மகள் ஜீன் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தாள். அந்த நாள்களில் ட்வைன் தன் கையாலேயே எழுதிய பகுதியோடு தன்வரலாறு முடிந்தது என்று அறிவித்தார். நான்கு மாதத்தில் அவரும் இல்லை.

உலகத்தையே சிரிக்கவைத்தவர் தன் குற்றவுணர்வைச் சொல்ல 100 ஆண்டுத் தவணை கேட்டார். ஆனால் லாங்டனைப் பற்றிய பேச்சு 1906இல் ஓர் அறையில், எதிரே இருந்த இருவர் கேட்கவே நடந்தது. வாசகரை 100 ஆண்டு தள்ளிவைத்ததால் அவரால் சினத்தைக் கொட்ட முடிந்தது. தன்னைப் பற்றிய உண்மைக்கு எதிரே அமர்ந்து கேட்கும் ஆள் தேவைப்பட்டது.

பதில் சொல்ல முடியாதவர்கள்

மூன்றாம் தொகுதியின் இறுதியில் பதிப்பாசிரியர்கள், தன்வரலாற்றில் சேராத ஒரு கையெழுத்துப்படியைப் பின்னிணைப்பாகத் தந்துள்ளனர். 400 பக்கத்துக்கு மேற்பட்ட அது, ட்வைனின் செயலாளராக இருந்த இசபெல் லயன்மீதும் அவர் 1909இல் மணந்துகொண்ட ரால்ஃப் ஆஷ்கிராஃப்ட்மீதும் ட்வைன் தொடுத்த குற்றப்பத்திரிகை. வீட்டுப்பணத்தைக் கையாடினார்கள், தன்னைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

லயன் 1958வரை வாழ்ந்தார். தன் தரப்பை அவர் நூலாக வெளியிடவில்லை. ஆனால் அவருடைய நாட்குறிப்புகள் எஞ்சியுள்ளன. பிற்கால ஆய்வாளர்களுள் சிலர் ட்வைனையும், சிலர் லயனையும் நம்புகின்றனர். உலகப்புகழ் பெற்றவர் இறந்தபின் பேசுவதும், அவரிடம் சம்பளத்துக்கு இருந்த பெண் வாழும்போதே பேசாமல் இருந்ததும் சமமான நிலைகள் அல்ல. செத்தவரிடம் குறுக்குக்கேள்வி கேட்க முடியாது. அவர்மீது வழக்குப் போடவும் முடியாது. இந்தப் பகுதியைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு தரப்பின் மனுவாகப் படிப்பதே முறை.

தமிழ்ச் சூழலில்

எழுதியவர் மறைந்தபின் வெளிவந்த வெளிப்படையான குறிப்புகளுக்குத் தமிழில் மூத்த எடுத்துக்காட்டு புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி, 1761இல் அவர் இறக்கும் காலம்வரை நீளும் அதில், தான் பணியாற்றிய பிரெஞ்சு ஆளுநர் வீட்டின் பேராசைகளைப் பிள்ளை தயங்காமல் எழுதுகிறார். 1846இல்தான் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்தபின், 1950இல் நூலானது. சேலம் இராமசாமி முதலியார், தான் படித்த நூல்களின் பெரும்பட்டியலைக் கேட்டு ‘இதனால் என்ன பயன்’ என்ற பொருள்படக் கேட்டதையும், தான் அதுவரை சீவகசிந்தாமணியைப் படித்திராததையும் அவர் மறைக்கவில்லை. தன் அறியாமையைச் சொல்ல அவருக்கு மரணத்தின் தவணை தேவைப்படவில்லை.

காரியாபட்டி இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக்கோடியில், வத்திராயிருப்புப் பக்கம் உள்ள புதுப்பட்டியைச் சேர்ந்தவர் பாமா. தலித் பெண்ணாகத் தன் வாழ்க்கையையும், ஊரின் சாதி ஒடுக்குமுறையையும், தான் இருந்த கன்னியர் மடத்தையும் ஊர்ப்பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. சொந்த ஊரார் சினந்ததால் சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பாமாவின் எழுத்திலும் எள்ளலும் சிரிப்பும் உண்டு. அவர் உண்மையைச் சொன்னது, அதைக் கேட்டுக் கோபப்படப் போகிறவர்களின் நடுவில் இருந்துகொண்டு. ட்வைனையும் பாமாவையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, தவணை கேட்பதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பது புரிகிறது. பெயரும் பணமும் பதிப்பகமும் உள்ளவர் 100 ஆண்டு காத்திருக்கலாம். இன்று நடக்கும் கொடுமையைச் சொல்பவரால் காத்திருக்க முடியாது.

வாசிக்கும் முறை

- நூலின் முழுப்பாடமும் பதிப்பாசிரியர் குறிப்புகளும் மார்க் ட்வைன் ஆவணத் திட்டத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரிய நூலகம் இல்லாத காரியாபட்டி போன்ற ஊரிலும் ஒரு கைப்பேசி இருந்தால் படிக்கலாம்.
- முதல் தொகுதியின் முற்பகுதி, 1870 முதல் 1905 வரையான கைவிடப்பட்ட முயற்சிகளின் தொகுப்பு. புதிய வாசகர் அதில் சித்தப்பா குவார்ல்ஸ் பண்ணையைப் பற்றிய நினைவுகளையும் சாண்டியைப் பற்றிய பகுதியையும் மட்டும் படித்துவிட்டு, 1906 சனவரி 9 அமர்வுக்குப் போகலாம்.
- ஒவ்வோர் அமர்வுக்கும் தேதி உண்டு. ஒரு நாளைக்கு ஓர் அமர்வு என்று படிப்பது அது உருவான விதத்துக்கு ஏற்றது.
- ட்வைனின் நினைவு பல இடங்களில் பிசகும். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். பின்னிணைப்புக் குறிப்புகள் அவர் எங்கே மிகைப்படுத்துகிறார் என்று காட்டும். கதையை முதலில் கேட்டுவிட்டுக் குறிப்பைப் பிறகு பார்ப்பது நல்லது.
- யாரையாவது நீண்டநேரம் திட்டும் பகுதியில், திட்டப்படுபவரைவிடத் திட்டுபவரைக் கவனிக்க வேண்டும்.

மதிப்பீடு

செம்மையான கட்டமைப்புள்ள நூலாக இதைச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பச் சொல்லலும் வம்பும் ஏராளம். ஆனால் புகழ்பெற்ற ஒருவர் தன் சிலையைத் தானே செதுக்கிக்கொள்ளும் வழக்கமான தன்வரலாறுகளிலிருந்து இது வேறுபட்டது. மறைவுக்குப் பின் என்ற ஏற்பாட்டால் ட்வைன் எதிர்பார்த்த முழு உண்மை கிடைக்கவில்லை. அவர் எதிர்பாராத உண்மைகள் கிடைத்தன: நழுவிய ஒரு கம்பளி, பாடிக்கொண்டே இருந்த ஒரு சிறுவன், பிழையோடு எழுதிய ஒரு மகளின் வரிகள். 5 லட்சம் சொற்களில் அவை சில பக்கங்களே. அவற்றுக்காகவே இந்நூல் படிக்கத்தக்கது.